முன் அறையில் ஒரு மோட்டார் கடை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கம்பெனி மூடிப் பதினெட்டு நாள் ஆகிறது. உடம்புக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. எழுந்து, குளித்து, தலை வாரி, டிபன் பாக்ஸைத் துடைத்து மேஜைமேல் வைத்தும் விட்டேன். அப்புறம்தான் எங்கே போவது என்ற கேள்வி வந்தது.

பத்தொன்பது வருடம் ஒரே மேஜை. மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி அடைக்கிற வைண்டிங் பிரிவு. பக்கத்து மேஜையில் ஊசி. ஒல்லியானவள், வாயும் அப்படியே குத்தும். அதனால் அந்தப் பெயர். நான் சுற்றியதை அவள் சோதிப்பாள். அவளுக்குத் துணிக்கடையில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கு மூன்று இடத்தில் ஒரே பதில். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டுமாம். நான் நாற்பத்து மூன்று.

மதியம் மாடி வீட்டுப் பெண் வந்தாள். அவர்கள் ஃபேன் புகைந்துவிட்டதாம். "மூலைக் கடைல காட்டினேன்க்கா. காயில் போச்சு, புதுசு வாங்கிக்கங்கன்னுட்டாரு" என்றாள்.

காயில் என்கிற கம்பிச் சுற்றுதானே போயிற்று? ஃபேனா போயிற்று? கழற்றிக் கொண்டு வா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம். கம்பெனியில் சுற்றுவதற்கு மெஷின் உண்டு, எண்ணுவதற்கு மீட்டர் உண்டு. இங்கே என்னிடம் இருப்பது ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு கத்தரிக்கோல், பத்து விரல்.

மார்ச் 7, வெள்ளி

ஃபேன் ஓடுகிறது.

கம்பி வாங்க இவரை அனுப்பினேன். கடையில் நின்றுகொண்டு மூன்று தடவை போன் செய்தார். "மெல்லிசுன்னா எவ்ளோ மெல்லிசு? தலைமுடி மாதிரியா, நூல் மாதிரியா?" கடைசியில் போனைக் கடைக்காரரிடமே கொடுக்கச் சொல்லி நான் பேசினேன்.

இரண்டு பகல் முழுக்கக் கையாலேயே சுற்றினேன். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது என்று மகளுக்கு உத்தரவு. அவள் சீட்டு எழுதிக் காட்டினாள்: 'பசிக்குது.'

மாடி வீட்டுப் பெண் சுவிட்சைப் போட்டாள். மேலே பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று முகத்தில் பட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குழந்தைகள் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் பேச்சு அளவுதான்.

"முன் ரூம் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"கடை வைக்கப் போறேன். வைண்டிங் கடை."

பேப்பரை மடித்தார். மடித்த பேப்பரை இன்னும் ஒருமுறை மடித்தார்.

"வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"கருகின மோட்டாரத் தூக்கிட்டு வர்றவங்க உக்கார மாட்டாங்க."

"விருந்தாளி யாராவது வந்தா?"

"நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்து நாலு வருஷம் ஆச்சு."

உள்ளேயிருந்து மகள் சிரித்தாள். பதினேழு வயது, பாடம் படிப்பதாகச் சொல்லிவிட்டு எங்கள் பேச்சைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இவர் எழுந்து சோபாவின் நீளத்தைச் சாணால் அளந்தார். பிறகு, "அப்ப சோபாவ எங்க போடறது?" என்றார். அவர் பாஷையில் அது சம்மதம்.

மார்ச் 20, வியாழன்

கம்பெனி கடைசியாகக் கொடுத்த தொகையில் பாதி போய்விட்டது. அதைப் பற்றி இங்கே இனி எழுதப் போவதில்லை. எழுதினால் கை நடுங்கும். கை நடுங்கினால் கம்பி அறும்.

வந்திருப்பவை: கையால் சுழற்றும் வைண்டிங் மெஷின் ஒன்று, பழையது. அதன் எண்ணும் மீட்டர் எழுபதிலிருந்து எழுபத்திரண்டுக்குத் தாவுகிறது. தாவட்டும், நான் தாவமாட்டேன். சோதிக்கிற விளக்கு ஒன்று. கதவு வளைந்த இரும்பு அலமாரி ஒன்று. அதற்குள் நான்கு குண்டு பல்பு மாட்டி, சுற்றிய கம்பிமேல் பூசும் வார்னிஷைக் காயவைக்கும் பெட்டியாக்கிவிட்டேன்.

வீடு முழுக்க வார்னிஷ் வாசனை. பள்ளியில் மகளைப் பக்கத்துப் பெண் முகர்ந்து பார்த்து, "உங்க வீட்ல புது பீரோ வாங்கியிருக்கீங்களா?" என்றாளாம்.

போர்டை மகளே எழுதினாள். மஞ்சளில் நீலம். 'மோட்டார், ஃபேன், பம்பு — வைண்டிங் செய்யப்படும்.' 'செய்யப்படும்' என்ற இடத்தில் பலகை முடிந்துவிட்டதால் கடைசி எழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

ஏப்ரல் 2, புதன்

நேற்றுக் கடை திறந்தேன். இன்று முதல் ஆள். தண்ணீர்ப் பம்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மெக்கானிக் இல்லையாம்மா?"

"இருக்கேன், சொல்லுங்க."

"இல்லம்மா, மெக்கானிக்."

"நான்தாங்க."

"சாரு எப்ப வருவாரு?"

"அஞ்சு மணிக்கு வருவாரு. ஆனா அவரு வேன் டிரைவர். உங்க பம்பை ஏத்திட்டுப் போவாரு, சரி பண்ண மாட்டாரு."

நன்றாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பம்போடு போய்விட்டார். ஆளைச் சிரிக்கவைக்கத் தெரிகிறது, உட்காரவைக்கத் தெரியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒரு டேபிள் ஃபேன். எண்ணெய் விட்டால் போதும் என்று சொல்லி எண்ணெய் விட்டேன். இன்னொருவர் ஸ்க்ரூடிரைவர் இரவல் கேட்டார்.

ஏப்ரல் 16, புதன்

மூலைக் கடைக்காரர் வந்தார். இருபத்தெட்டு வருடமாக இந்தத் தெருவின் மோட்டார் எல்லாம் அவரிடம்தான். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானும் முகத்தைத் தயார் செய்துகொண்டேன். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மாடி வீட்டு ஃபேனப் பாத்தேன் தங்கச்சி. நல்ல கை உங்களுக்கு."

பிறகு மேஜை, அலமாரி, மெஷின் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. ஜனங்க உங்கள நம்பி மோட்டாரக் கழட்ட மாட்டாங்க. உலகம் அப்படி, நான் என்ன பண்றது? நான் ஒண்ணு சொல்றேன். எனக்கு வர்ற மோட்டார இங்க அனுப்பறேன். நீங்க சுத்திக் கொடுங்க. கஸ்டமர் தொல்லை பூரா என்னோட. வாரம் தவறாம வேலை."

"சரி."

"இந்த போர்ட மட்டும் எடுத்துடுங்க. ஒரே தெருவுல ரெண்டு போர்டு எதுக்கு?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இவருக்கு ஒரே சந்தோஷம். "கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்திருக்கு. வீட்டுக்குள்ளயே உக்காந்து வேலை. வெயில் இல்ல, யாரோட வாய் வார்த்தையும் இல்ல." அவர் சொல்வதிலும் தப்பில்லை. நான்கு மாதத்தில் மகளுக்குக் கல்லூரி.

வேலைதானே வேண்டும்? பலகையா சோறு போடும்?

ஏப்ரல் 17, வியாழன்

போர்டைக் கழற்றிக் கட்டிலுக்குப் பின்னால் வைத்தேன். மகளாவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

மே 14, புதன்

நான்கு வாரத்தில் இருபத்தாறு மோட்டார். சாக்கில் கட்டிப் பின்வாசல் வழியாக வருகிறது, சாக்கில் கட்டிப் பின்வாசல் வழியாகவே போகிறது. ஒவ்வொன்றின் கழுத்திலும் மூலைக் கடைச் சீட்டு.

வேலை பிடித்திருக்கிறது, அதைப் பொய்யாக எழுதக் கூடாது. காலையில் கம்பி விரலில் ஓடத் தொடங்கினால் மதியம்வரை மனதில் ஒரு ஈகூடப் பறப்பதில்லை. கணக்குத் தீர்ப்பதிலும் அவர் நேர்மையான மனிதர்.

ஆனால் போன மோட்டார் என்ன ஆயிற்று என்று தெரிவதில்லை. ஓடியதா? சத்தம் வந்ததா? யாராவது நன்றாக இருக்கிறது என்றார்களா? கேட்டால், "ம், போயிடுச்சு" என்கிறார். பெற்றுப் பெற்று யாரோ வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது போல இருக்கிறது.

மே 28, புதன்

தையல்காரம்மாவிடம் மகளுடைய பாவாடையை நீளம் விடக் கொடுக்கப் போயிருந்தேன். அவள் மெஷினை ஓட்டிக் காட்டினாள். "இந்த மோட்டார் மூணு தடவை கருகிச்சு. போன வாரம் மூலைக் கடைக்காரர் சுத்திக் கொடுத்தாரு. இப்பப் பாருங்க, பூனை நடக்கற மாதிரி ஓடுது. கை ராசிக்காரர்."

மெஷினுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். காயில் வெள்ளை நூலால் கட்டப்பட்டிருந்தது. அதைச் சுற்றிய அன்றைக்கு என்னிடம் பழுப்பு நூல் தீர்ந்துபோய், வெள்ளையில் கட்டியிருந்தேன்.

"ஆமா, கை ராசிக்காரர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரு கேட்டா? சும்மா இருந்திருக்கலாமே. என் வாயாலயே சொல்லிட்டு வந்தேனே. வழி பூரா அதே சொல்லு — ஆமா, ஆமா, ஆமா. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கம்பியத் தொடல. தொட்டா அறுத்துடுவேன்னு தெரியும்.

மே 30, வெள்ளி

மகள் கட்டிலுக்குப் பின்னாலிருந்து போர்டை இழுத்தாள். "அம்மா, இது பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. படம் வரையப் பலகை வேணும், எடுத்துக்கட்டுமா? நீதான் மாட்டப் போறதில்லையே."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பலகைதான் வேண்டியிருந்தது அவளுக்கு. அதனால்தான் அப்படிச் சுட்டது.

"வேற பலகை வாங்கித் தரேன்" என்றேன்.

கையில் இருந்த இரண்டு மோட்டாரையும் முடித்து, நானே தூக்கிக்கொண்டு மூலைக் கடைக்குப் போனேன். முன்பக்கமாக.

"அண்ணே, இனிமேயும் சுத்தித் தரேன். ஆனா உங்க சீட்டோட என் சீட்டையும் கட்டித்தான் அனுப்புவேன். போர்டும் மாட்டப் போறேன்."

அவர் பேரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அது சரிப்படாது தங்கச்சி."

"அப்ப இதுதான் கடைசி."

"நல்லா இருந்த ஏற்பாடு. யாரோ உங்களக் குழப்பிட்டாங்க."

"யாரும் இல்ல. நானேதான்."

"நாளைக்கு வந்து கேட்டா நான் முகம் சுளிக்க மாட்டேன். ஆனா அன்னிக்கு ரேட்டு வேற."

திரும்பி வந்ததும் ஒரு முழம் கம்பியை விரலில் ஓட்டிப் பார்த்தேன். கைக்கு ஒன்றுமில்லை. அது போதும்.

போர்டை மாட்டும்போது இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது ஆணியும் இறங்கிய பிறகு கீழேயிருந்து, "நல்லா யோசிச்சியா?" என்றார்.

ஜூன் 12, வியாழன்

பதின்மூன்று நாளில் இரண்டே வேலை.

போர்டு பேசாது, நான் பேச வேண்டும். மூன்று நாளாகக் காலை பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, சுற்றி மோட்டார் ஓடும் இடமெல்லாம் ஏறி இறங்குகிறேன். சலவைக் கடை, தச்சுப் பட்டறை, அச்சகம். "சொல்லி அனுப்பறோம்" என்கிறார்கள். எத்தனை பேர் சொல்லி அனுப்புவார்கள் என்று பந்தயம் கட்டினால் தோற்றுப்போவேன். ஆனாலும் முகம் பார்த்தாயிற்று. அடுத்த வாரமும் போவேன்.

மாவு மில் அம்மாவிடம் மட்டும் கொஞ்சம் நின்று பேச முடிந்தது. தனி ஆளாக மில் நடத்துகிறாள். புருவத்தில்கூட மாவு.

"உங்கள யாரு அனுப்பினது?"

"யாரும் அனுப்பல, நானே வந்தேன்."

"என் மோட்டாரு நல்லாத்தான் ஓடுது. கண்ணு வைக்காம கெளம்புங்க."

ஜூன் 19, வியாழன்

மாவு மில்லிலிருந்து போன். "உங்க கண்ணு பட்டுதான் மோட்டாரு எரிஞ்சிடுச்சு. நீங்களே வந்து சரி பண்ணுங்க."

சிரிக்கிறாளா திட்டுகிறாளா என்று குரலில் தெரியவில்லை. மூலைக் கடையில் பத்து நாள் ஆகும் என்றார்களாம். இவள் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்கிறாள். ஐந்து குதிரைச் சக்தி. இந்த அறைக்குள் இதுவரை வந்ததில் இதுதான் பெரியது. குழந்தைகளை இறக்கிவிட்டு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார் இவர். நான்கு பேர் தூக்கி மேஜைமேல் வைத்தோம். மேஜை முனகியது.

ஜூன் 22, ஞாயிறு

கொடுத்தாயிற்று. ஓடியது. மாவு மில் அம்மா தலையை ஒருமுறை அசைத்தாள். அவளிடம் அது பெரிய பாராட்டு என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பழைய கம்பி எந்தக் கனமோ அதே கனம், பழையது எத்தனை சுற்றோ அத்தனை சுற்று. அளந்து, எண்ணித்தான் போட்டேன். ஆனால் கம்பி உட்காரும் குழியில் இடம் மிச்சமாக இருந்தது. கம்பெனியில் ஒரு காகிதம்கூட நுழையாத அளவுக்கு இறுக்குவோம். சரி, இது வேறு கம்பெனி மோட்டார். அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 26, வியாழன்

எரிஞ்சிடுச்சு.

நாலே நாள். காலையில பதினோரு மணிக்கு. மில்லுல ஏழெட்டுப் பேர் பாத்திரத்தோட நின்னுக்கிட்டிருந்தாங்களாம். நான் போனப்ப எல்லாரும் நகந்து வழி விட்டாங்க. வழி விட்டதுதான் கேவலமா இருந்தது.

மாவு மில் அம்மா கத்தவில்லை. "பொம்பளைன்னு நம்பிக் கொடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

இவர் மோட்டாரை மறுபடி வேனில் ஏற்றினார். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கரண்ட் ஏறி இறங்கிச்சுன்னு சொல்லிடு. எல்லா மெக்கானிக்கும் அதத்தான் சொல்றாங்க."

சொல்லலாம். யாரால் மறுக்க முடியும்? கரண்ட் வந்து சாட்சியா சொல்லப் போகிறது?

ஏன் எரிஞ்சது? எண்ணிக்கை தப்பா? நான் தப்பா எண்ண மாட்டேன். வார்னிஷ்? முழுசாக் காஞ்சது. அப்புறம் என்ன? என்ன?

ஜூன் 27, வெள்ளி

காலை ஆறு மணிக்குப் பிரித்தேன். என் கம்பி சீராகத்தான் வெந்திருக்கிறது. ஒரு இடத்தில் அல்ல, எல்லா இடத்திலும். பாரம் தாங்காமல் முழுசாகச் சூடேறியிருக்கிறது. அப்படியானால் கம்பியே போதவில்லை.

முதல் தடவை கழற்றிய பழைய காயிலைத் தேடி எடுத்தேன். நூல் முடிச்சைப் பார்த்தேன். மோட்டாரைச் செய்த கம்பெனிக்காரன் போட்ட முடிச்சு இல்லை அது. அதற்குப் பிறகு ஒருமுறை யாரோ சுற்றியிருக்கிறார்கள், ஒரு படி மெல்லிய கம்பியில். நான் அதையே மாதிரியாக வைத்து, பிசகாமல், கவனமாக, அந்தத் தப்பை அப்படியே திரும்பச் செய்திருக்கிறேன்.

அந்த முடிச்சு யாருடையது என்றும் தெரியும். ஆறு வாரம் மூலைக் கடை மோட்டார்களைப் பிரித்தவள் நான்.

குழியில் இடம் மிச்சமிருந்தது. என் கண் பார்த்தது. பத்தொன்பது வருட விரல் சொன்னது. கேட்காமல் விட்டது நான்.

ஒன்பது மணிக்கு மில்லுக்குப் போனேன்.

"கரண்ட் மேல தப்பு இல்லங்க. தப்பு என்னோடது. பழைய வைண்டிங் சரியா இருக்கான்னு பாக்காம அதே மாதிரி சுத்திட்டேன். கம்பி மெல்லிசு. மறுபடி சுத்தித் தரேன், கூலி வேணாம்."

"பழசு யாரு சுத்தினது?"

"என் மேஜைக்கு வந்தப்புறம் அது என் பொறுப்புங்க."

மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு சுத்தினாங்கன்னு எனக்குத் தெரியாதா? காசு கொடுத்தவ நான்தானே. நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்." பிறகு, "செவ்வாய்க்கிழமை ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். மோட்டாரையும், உங்களையும்."

ஜூன் 29, ஞாயிறு

ஊசிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளையும் கேட்டேன். வந்தாள். வாசலில் நின்று போர்டைப் படித்துவிட்டு, "எழுத்தெல்லாம் பஸ்ஸுல தொங்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள்.

மோட்டார்மேல் அறைந்திருந்த தகட்டில் பாதி எழுத்து அழிந்திருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் படித்தோம். இவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்றால் கம்பி இவ்வளவு கனம் வேண்டும் என்ற கணக்கை மகள் காகிதத்தில் போட்டாள். ஊசி மனதிலேயே போட்டாள். இரண்டும் ஒன்றாக வந்தது. மகளுக்குக் கொஞ்சம் பொறாமை.

கனமான கம்பி குழிக்குள் எளிதில் இறங்கவில்லை. மூங்கில் குச்சியைச் சீவி அழுத்தி அழுத்தி இறக்கினேன். கட்டைவிரல் நகத்தின் ஓரம் கிழிந்தது. ஒவ்வொரு காயில் முடிந்ததும் ஊசி விளக்கை வைத்துச் சோதித்து, "ம்" என்பாள். அந்த 'ம்' எனக்கு நான்கு மாதமாகக் கிடைக்கவில்லை. பாராட்டுக்கூட இல்லை அது. ஆனால் அதைக் கேட்டால்தான் அடுத்ததைத் தொடக் கை வருகிறது.

"துணிக்கடை எப்படி?" என்று கேட்டேன்.

"மடிச்ச சட்டையவே திரும்ப மடிக்கறேன். பிரிச்சுப் போட்டுட்டு வாங்காமப் போயிடறாங்க. நாள் பூரா நின்னா கால்தான் வீங்குது, ஒரு பொருள்கூட உருவாகல."

சாயங்காலம் கடைசிக் காயில். மிச்சக் குழியில் காகிதத்தைச் சொருகப் பார்த்தேன். நுழையவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

எட்டு மணிக்கு மாட்டினோம். ஓடியது. ஓடுவதில் என்ன இருக்கிறது, போன தடவையும்தான் ஓடியது. பாரம் ஏற்றச் சொன்னேன். மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். அரை மணிக்கு ஒருமுறை உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்பதரைக்கு வெதுவெதுப்பு. பத்துக்கும் அதே. பதினொன்றுக்கும் அதே. காய்ச்சல் இல்லாத உடம்புச் சூடு.

மாவு மில் அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. முறைச்சுப் பாத்தா அது வேகமா ஓடாது."

ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். தலையெல்லாம் மாவு. வீட்டுக்கு வந்ததும் மகள், "ஒரே நாள்ல உனக்கு வயசாயிடுச்சும்மா" என்றாள்.

ஜூலை 9, புதன்

ஓடுகிறது. அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போவது போலப் போய்க் காது கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுத நேரமில்லாமல் ஒரு மாதம் ஓடிவிட்டது. மாவு மில் அம்மா மாவோடு சேர்த்து என்னையும் அரைத்து ஊர் முழுக்கக் கொடுத்து அனுப்புகிறாள் என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியம்: "தப்பு பண்ணா ஒத்துக்குவீங்களாமே?" நன்றாகச் செய்வேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா, மகராசி.

தச்சுப் பட்டறையிலிருந்து மூன்று. அச்சகத்திலிருந்து ஒன்று. சலவைக் கடை இரண்டு. நான் படியேறிக் கேட்ட இடங்கள்தான்.

இன்று காலை ஊசி வந்தாள், வேலைநாளில். துணிக்கடையை விட்டுவிட்டாளாம். பையைக்கூட இறக்கவில்லை.

"நான் இங்க சம்பளக்காரியா, பங்காளியா? முதல்லயே சொல்லிடு."

"பங்காளின்னா சண்டை வரும்."

"சம்பளக்காரின்னா வராதா?"

பங்காளி என்றே முடிவாயிற்று. சாயங்காலத்துக்குள் முதல் சண்டையும் வந்துவிட்டது. நூலை எங்கே வைப்பது என்பதில்.

மதியம் இவருக்குப் போன் போட்டேன், கம்பி வாங்கி வரச் சொல்ல. கடைச் சீட்டில் இவர் நம்பரும் உண்டு. யார் என்று பார்க்காமலே எடுத்து, "வைண்டிங் கடைங்க, ஓனரம்மா வேலையா இருக்காங்க, என்ன மோட்டாருன்னு சொல்லுங்க" என்றார். கம்பி கேட்க வந்ததையே மறந்து வைத்துவிட்டேன். வேனில் இருந்த குழந்தைகளுக்குக்கூட மனப்பாடமாகி இருக்கும்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மூன்றாவதாக மூலைக் கடைக்காரர். கையில் ஒரு பம்பு மோட்டார். முன்வாசலில், நல்ல வெயிலில், வரிசையில்.

ஊசி என் முழங்கையை இடித்தாள். "வந்துட்டாருடி. ரேட்டு வேறன்னு சொல்லு." அந்தக் கதையை அவளிடம் சொல்லியிருக்கவே கூடாது.

முன்னால் நின்ற இருவரும் போகும்வரை அவர் பொறுத்திருந்தார். மோட்டாரை மேஜைமேல் வைத்தார்.

"அவசர வேலை தங்கச்சி. நாளைக்கே கொடுத்தாகணும்." கொஞ்சம் நிறுத்தி, "கண்ணு முன்ன மாதிரி இல்ல. ஆபரேஷன் பண்ணணும்னாங்க. கம்பி நம்பர் பாத்தா ரெண்டு ரெண்டாத் தெரியுது. ஒரு வருஷமாவே அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லல."

ஒரு வருடமாக. மாவு மில்லின் மெல்லிய கம்பி ஞாபகம் வந்தது. காசு மிச்சம் பிடிக்கச் செய்தார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரியாமல்தான் போட்டிருக்கிறார். பயந்துபோய், ஆள் தெரியாமல் சுற்றித் தர ஒரு கையைத் தேடியிருக்கிறார். அந்தக் கை நான்.

அதற்காக அது சரியாகிவிடாது. ஆனால் கோபம் முழுசாக நிற்கவும் இல்லை.

"எந்தப் பேர்ல சீட்டு எழுதட்டும்ண்ணே?"

"என் கடை பேர்ல எழுதுங்க." வாசல் பக்கம் பார்த்தார். "உங்க சீட்டையும் சேத்துக் கட்டிடுங்க."

"ரேட்டு மத்தவங்களுக்கு என்னவோ அதுதான்."

"அதான் நியாயம்."

அவர் போனதும் ஊசி, "உனக்கு வாயே இல்ல" என்றாள். பிறகு மோட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவளே பிரிக்கத் தொடங்கினாள்.

அக்டோபர் 18, சனி

கம்பி தீர்ந்துவிட்டது. இவருக்கு இன்று வேன் சர்வீஸ். நானே பஸ்ஸில் போய் வாங்கி வந்தேன். கடைக்காரர் இப்போதெல்லாம் யாருக்கு என்று கேட்பதில்லை. எத்தனை கிலோ என்று மட்டும் கேட்கிறார்.

திரும்பும்போது எதிர்ப்பக்க நிறுத்தத்தில் இறங்கினேன். இரண்டு கையிலும் கம்பிச் சுருள், கனம். சாலையைக் கடக்க நின்றவள் நிமிர்ந்து பார்த்தேன். இந்த ஏழு மாதத்தில் கடையை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. எப்போதும் உள்ளேதான் இருக்கிறேன்.

ஊசி யாரோ ஒருவரிடம் விரலை ஆட்டி ஆட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார். மகள் கல்லூரியிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல், சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். சோதனைக்கு மாட்டிய ஃபேன் ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர், வெளியே இழுத்துப் போட்டிருந்த எங்கள் பழைய சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

யாரும் என்னைத் தேடவில்லை.

ஒரு பஸ் வந்து நின்று எல்லாவற்றையும் மறைத்தது. ஆள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் போயிற்று. கடை அங்கேயே இருந்தது.

கை வலித்தது. சுருளைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.